மூணுக்கு மூணு

பின்கட்டில் இருக்கும் பழைய உறைக்கிணற்றுக்கு மூடி போட வந்த வெல்டர், டேப்பை விரித்துப் பார்த்துவிட்டு, "மூணுக்கு மூணு வருது சார். தகடு வேண்டாம், உள்ள காத்து போகாது. கிராதியா அடிச்சிருவோம். கொண்டி வச்சுத் தாரேன், பூட்டு மாட்டிக்கிடுங்க" என்றார். லீவுக்குத் தம்பி பிள்ளைகள் வருகிற வீடு, கிணற்றைத் திறந்து போட முடியாது. சரி என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு நகர்ந்திருக்கலாம். "சாவி அந்தச் செங்கல் ரூமுக்குள்ள கிடக்கும்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டில் செங்கல் ரூம் எதுவும் கிடையாது.

அந்த ரூம் இருப்பது ஒரு ஃப்ளாப்பியில். ஐந்தேகால் அங்குல ஃப்ளாப்பி, 360 கிலோபைட். 1990 டிசம்பரில் பாளையங்கோட்டை நண்பன் அதை நோட்டுக்குள் வைத்து, வளையாமல் நெஞ்சோடு அணைத்து ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்தான். உறை மேல் பால்பாயிண்ட் பேனாவால் 'அட்வென்ட்' என்று எழுதியிருந்தது. அவன் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிற வீட்டுப் பிள்ளை. "ஏல, கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரம் இருக்குல்லா, திருவருகைக் காலம், அதுக்குத்தான் அட்வென்ட்னு பேரு. ஏதோ பைபிள் புரோகிராம் போல" என்றான். டிசம்பர் மாதம் வேறு. நாங்களும் நம்பினோம். உள்ளே இருந்தது ஒரு விளையாட்டு. அது பிறந்த பெரிய கணினியில் ஒரு கோப்புக்கு ஆறு எழுத்துக்கு மேல் பெயர் வைக்க முடியாது, 'அட்வெஞ்சர்' என்பதை ஆறு எழுத்தில் வெட்டியதால் வந்த பெயர் அது என்பதெல்லாம் ரொம்ப வருஷம் கழித்துத் தெரிந்தது.

கம்ப்யூட்டர் லேபுக்குள் செருப்போடு போகக் கூடாது. வாசலில் நாற்பது ஜோடி செருப்பு கிடக்கும். உள்ளே ஏசி, குளிர் மெஷின்களுக்காக, எங்களுக்காக இல்லை. கரிசல் காட்டிலிருந்து வந்தவனுக்கு அந்தக் குளிரே ஒரு பரீட்சை மாதிரி இருக்கும். பச்சை எழுத்துத் திரை வைத்த பிசி-எக்ஸ்டிகள், ஹார்டு டிஸ்க் கிடையாது. ஒரு டிரைவில் டாஸ் ஃப்ளாப்பி, இன்னொன்றில் நம்முடையது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு மெஷினுக்கு மூன்று பேர். இதில் விளையாட்டுக்கு எங்கே இடம்? ஆனால் லேப் அண்ணாச்சி ஒரு சீட்டு நடத்திவந்தார். அந்தக் கணக்கை லோட்டஸில் அடித்துக் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பின்வாசல் திறக்கும். இருபது பேர், மாதம் ஐந்நூறு, தள்ளுக் கழிவு போக யாருக்கு எவ்வளவு என்று அரை மணி நேரம் அடிப்பேன். அதற்குக் கூலி மூன்று மணி நேரம் மெஷின். நியாயமான சம்பளம்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை நான் படித்தது தமிழ் வழி. கல்லூரியில் ஆங்கிலத்தில் யார் எதைக் கேட்டாலும் என்னிடம் இருந்தது ஒரே பதில், "எஸ் சார்". கேள்வி புரிந்தால் எஸ், புரியாவிட்டாலும் எஸ். புரியவில்லை என்று சொல்லவும் ஒரு ஆங்கிலம் வேண்டுமே. முதல் செமஸ்டர் வைவாவில், வெளியிலிருந்து வந்த ஒருவர் என் ரெக்கார்டு நோட்டைப் புரட்டிவிட்டு எதையோ கேட்டார். "எஸ் சார்" என்றேன். ரூமே சிரித்தது. வெளியே வந்தபிறகுதான் பையன்கள் சொன்னார்கள்: "ஏன்டா, என் நேரத்தை வீணாக்கத்தான் வந்தியான்னு கேக்காரு, ஆமாங்கியே!"

அப்படிப்பட்டவன் முன்னால் அந்த ஃப்ளாப்பி முதல் கேள்வி கேட்டது. விளக்கம் வேண்டுமா என்று. மூன்றே எழுத்து அடித்தேன். எஸ்.

படம் எதுவும் வரவில்லை. சத்தமும் இல்லை. பச்சை எழுத்தில் ஒரு பத்தி மட்டும் ஓடி நின்றது. உடன் இருந்த இரண்டு பேர் "இவ்வளவுதானா?" என்று எழுந்து போய்விட்டார்கள். நான் லிஃப்கோ அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படித்தேன். ஒரு சாலை முடியும் இடம். எதிரே சின்னச் செங்கல் கட்டடம். சுற்றிலும் காடு. கட்டடத்துக்குள்ளிருந்து ஒரு ஓடை வெளியே வந்து பள்ளத்தில் இறங்கி ஓடுகிறது. உள்ளே போனால் அது 'வெல் ஹவுஸ்' என்று வருகிறது. வெல் என்றால் கிணறு, ஹவுஸ் என்றால் வீடு. கிணற்று வீடு.

அட, பம்ப்செட் ரூம்!

எங்கள் கிணற்று மேட்டில் இருக்கிற ரூம் அதேதான். பூசாத செங்கல், சின்ன வாசல், அடியில் பைப் வழியாகத் தண்ணீர் வந்து தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடும். அமெரிக்காவில் யாரோ எழுதிய கட்டடத்துக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பார்த்தேன். ஒரு சாவிக் கொத்து, ஒரு விளக்கு, கொஞ்சம் சாப்பாடு, ஒரு பாட்டில் தண்ணீர். எங்கள் தாத்தா ராத்திரி கரண்ட் வரும் நேரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது ரூமுக்குள் வைத்திருப்பதும் இந்த நாலும்தான். இதில் எதற்கும் எனக்கு அகராதி தேவைப்படவில்லை. விளக்கு மட்டும் கொஞ்சம் உதைத்தது. பளபளப்பான பித்தளை விளக்கு என்று இருந்தது. பித்தளை விளக்கு என்றால் எனக்குத் தெரிந்தது குத்துவிளக்கு ஒன்றுதான். ரொம்ப நாள் வரை அந்தக் குகைக்குள் நான் குத்துவிளக்கோடுதான் நடந்தேன், அணையாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டு.

அந்த இயந்திரத்தோடு பேச இரண்டு வார்த்தை போதும். ஒரு வினை, ஒரு பொருள். முதல் நாள் நான் 'லேம்ப் டேக்' என்று அடித்தேன். விளக்கை எடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அடித்ததால் விரல் தமிழ் வரிசையில் போய்விட்டது. அடித்த பிறகுதான் தப்பு தெரிந்தது. வைவா ரூம் சிரிப்பு காதில் கேட்டது. திரையில் 'ஓகே' என்று மட்டும் வந்தது. விளக்கு என் கையில் இருந்தது.

இதற்குக் காரணத்தைப் பின்னாளில் அந்த விளையாட்டின் ஃபோர்ட்ரான் நிரலைப் படித்தபோது கண்டுகொண்டேன். அப்போது சென்னையில் எனக்கு இதே மாதிரி நிரல் எழுதுவதுதான் வேலை. அந்த நிரல் வாக்கியத்தைப் பார்ப்பதில்லை. முதல் வார்த்தையை எடுத்துப் பார்க்கும். அது பொருள் என்றால் ஓரமாக வைத்துக்கொண்டு அடுத்த வார்த்தையில் வினையைத் தேடும். வினை முன்னால் வந்தால் பொருளைத் தேடும். எது முன்னால், எது பின்னால் என்ற கவலை அதற்கு இல்லை. இலக்கணப் பிடிவாதம் இல்லாமல் எழுதியவருக்கு, கரிசல்காட்டுப் பையன் ஒருவன் எழுவாய் செயப்படுபொருள் பயனிலை என்று வந்து நிற்பான் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

வார்த்தையிலும் முதல் ஐந்து எழுத்தைத்தான் அது பார்க்கும். மீதி எப்படி இருந்தாலும் சரி. 'இன்வென்டரி' என்பதற்கு ஸ்பெல்லிங் எனக்கு இன்றைக்கும் தடுமாறும். முதல் ஐந்தைச் சரியாகப் போட்டுவிட்டுப் பின்னால் எதையாவது தட்டினாலும் ஏற்றுக்கொண்டது. அஞ்செழுத்து போதும் கரையேற என்று எங்கள் ஊர்ப் பூசாரி சொல்வார்.

தெரியாத வார்த்தையைப் போட்டால் மூன்றில் ஒன்று பதிலாக வரும். பெரும்பாலும், அந்த வார்த்தை எனக்குத் தெரியாது என்று. சில சமயம், என்ன? என்று. சில சமயம், எனக்குப் புரியவில்லை என்று. மூன்றும் அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. உனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. ஆங்கிலம் பேசுகிற ஒருவர் எனக்குத் தெரியாது, புரியவில்லை என்று என்னிடம் சொன்னது அந்த லேபில்தான் முதல் தடவை. அந்தப் பதிலைப் பார்க்கவே வேண்டுமென்று தமிழில் தட்டுவேன். 'வெளக்கு'. தெரியாது என்றது. 'கெணறு'. தெரியாது. 'தாத்தா'. என்ன? என்றது. அன்றைக்கு அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "தம்பி, தனியாச் சிரிக்காத, பயமா இருக்கு" என்றார்.

ஓடையோடு தெற்கே நடந்தால் ஓடை பாறைக்குள் மறைந்துவிடும். வறண்ட தடத்திலேயே இன்னும் போனால் ஒரு பள்ளம். பள்ளத்தில் காங்கிரீட்டில் பதித்த மூன்றடிக்கு மூன்றடி இரும்பு 'கிரேட்'. நான் அதை 'கிரேட்' என்றால் மகா என்று எடுத்துக்கொண்டேன். ஸ்பெல்லிங் மாறியிருக்கிறது, எழுதியவனும் என்னை மாதிரி போல என்று ஒரு சந்தோஷம் வேறு. மகா இரும்பு. என்ன மகா இரும்பு? அடுத்த ஞாயிறு வரை புரியவில்லை. அகராதியில் பார்த்தால் கம்பியழி, கிராதி என்று இருந்தது. எங்கள் ஊர் ரேஷன் கடை ஜன்னலில் இருப்பது. கிராதி என்பது தமிழே இல்லை, போர்ச்சுக்கீசியர்கள் விட்டுப்போன 'கிராத'. அதற்கும் ஆங்கில 'கிரேட்'டுக்கும் ஒரே லத்தீன் பாட்டிதான். ஆக அந்த விளையாட்டில் எனக்குப் புரியாமல் போன முதல் வார்த்தை, என் வீட்டில் தினமும் புழங்கிய வார்த்தை. கொற்கைக் கரைக்கும் அமெரிக்காவுக்கும் ஒரே கம்பி.

சாவி இருக்கிறதே. திறந்து இறங்கினேன்.

குகையை எப்படி மனசில் கட்டுவது? படம் இல்லாத விளையாட்டில் கல்லும் இருட்டும் நாமேதான் கொண்டுபோக வேண்டும். எனக்குத் தெரிந்த குகை கழுகுமலை. முருகன் சன்னதி மலையைக் குடைந்து எடுத்தது. உள்ளே போகப்போக விபூதியும் எண்ணெய்ப் பிசுக்கும் வௌவால் புழுக்கையும் கலந்து ஒரு வாசம் வரும். அந்த வாசத்தை எடுத்துக்கொண்டுபோய் அமெரிக்கக் குகை முழுக்கப் பூசினேன். மலை அரசன் மண்டபம் என்று ஒரு இடம் வரும். நான் அங்கே தூண் வைத்தேன், எழுத்தில் தூண் இல்லை. ஒரு அறையில் சுவரில் ஒரு மந்திரச் சொல் எழுதியிருக்கும்: எக்ஸ், ஒய், இஸட், இஸட், ஒய். எப்படி உச்சரிப்பது? பாளையங்கோட்டைக்காரன் "சிஸ்ஸி" என்பான், நான் "எக்ஸிஸ்ஸி" என்பேன். அடித்தால் நொடியில் செங்கல் ரூமில் நிற்போம். எம்.ஜி.ஆர். அலிபாபாவில் குகை வாசலில் நின்று சொல்வாரே, அதற்கு அர்த்தம் கேட்டவர் உண்டா? மந்திரத்துக்கு அர்த்தம் கூடாது. இதில் எழுதியவர் எங்கள் கட்சி.

குருவி விஷயம் சொல்ல வேண்டும். கூண்டு ஓரிடத்தில் கிடக்கும். கறுப்புக் கம்பு ஒன்று இன்னோரிடத்தில். அப்புறம் ஒரு அறையில் குருவி பாடிக்கொண்டிருக்கும். கூண்டும் கையுமாகப் போய்ப் பிடிக்கப் பார்த்தால், நீ வரும்வரை பயப்படாமல் இருந்தது, கிட்டே போனதும் மிரள்கிறது, பிடிக்க முடியவில்லை என்று வரும். மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது. சாப்பாட்டை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். வெளியே போய் மறுபடி வந்து பார்த்தேன். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பருத்தி மாரை ஒடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். "படிப்பு எப்படிடே போவுது?" என்றார். சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாததால் குருவியைச் சொன்னேன். கம்ப்யூட்டர் என்பதை விட்டுவிட்டேன். ஒரு குகை, ஒரு குருவி, கூண்டு வைத்திருக்கேன், கிட்டப் போனா மிரளுது.

"கையில வேற என்ன வச்சிருக்க?"

"வெளக்கு, சாவி, ஒரு கம்பு..."

"குருவி பிடிக்கப் போறவன் கையில கம்பு எதுக்குடே?" என்று சொல்லிவிட்டு அடுத்த மாரை ஒடித்தார்.

லீவு முடிந்து வந்த முதல் ஞாயிறு, சீட்டுக் கணக்கைக்கூட அடிக்காமல் உட்கார்ந்து, கம்பைக் கீழே போட்டேன். குருவி கூண்டுக்குள் வந்தது.

மண்டபத்தில் வழியை மறித்துக்கொண்டு ஒரு பெரிய பச்சைப் பாம்பு. பச்சைப் பாம்பு என்றால் எங்கள் பக்கம் கண்கொத்தி. சின்ன வயசில் வேலியோரம் போகும்போது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டுதான் போவோம். குகையில் கிடைத்த கோடாலியை எறிந்தால் பலன் இல்லை, ஆபத்தும்கூட என்றது. புற்றுக்குப் பால் ஊற்றுகிற குடும்பம் எங்களுடையது என்பதால் 'மில்க்' என்றும் அடித்துப் பார்த்தேன். அந்த வார்த்தை தெரியாது என்றது. கடைசியில் குருவியைத் திறந்துவிட்டால் அது பாம்பை விரட்டிவிடுகிறது. எப்படி என்று கேட்கக் கூடாது. பால் தெரியாத ஊரில் அப்படித்தான்.

செத்தால் என்ன ஆகும் என்பதும் முக்கியம். குகைக்குள் குள்ளர்கள் கத்தி எறிவார்கள், இருட்டில் நடந்தால் குழியில் விழுவோம். செத்ததும், உனக்கு மறுபிறவி கொடுத்துப் பார்க்கட்டுமா என்று அது கேட்கும்! சரி என்றால் ஆரஞ்சு நிறப் புகை கிளம்பி, செங்கல் ரூமில் மறுபடி பிறப்போம். மூன்றாவது சாவுக்குப் பிறகு புகை தீர்ந்துவிடும். அமெரிக்காக்காரனுக்கு மறுபிறவி எங்கேயிருந்து வந்தது என்று நாங்கள் ஹாஸ்டலில் ஒரு ராத்திரி முழுக்க விவாதித்தோம். புகைக்கு ஏன் ஆரஞ்சு நிறம் என்பதற்கு ஒருத்தன் காவி என்று விடை சொன்னான்.

இதையெல்லாம் எழுதிய ஆளைப் பற்றி 2000க்குப் பிறகு படித்தேன். வில் கிரவுதர். இன்றைய இணையத்துக்குத் தாயான அர்ப்பாநெட்டில், கணினிகளை இணைத்த பெட்டிகளுக்கு நிரல் எழுதியவர்களில் ஒருவர். அவரும் மனைவி பட்ரிசியாவும் குகைக்குள் இறங்கி அளப்பவர்கள். கென்டக்கி மாநிலத்து மாமத் குகையும் பக்கத்து ஃபிளின்ட் ரிட்ஜ் குகைகளும் பூமிக்கடியில் ஒன்றுதான் என்று 1972 செப்டம்பரில் நடந்தே நிரூபித்த குழுவில் பட்ரிசியா இருந்தார். ஒல்லியான உடம்பு. ரொம்பக் குறுகலான ஒரு இடுக்கில் முதலில் நுழைந்து போனவர் அவர். இன்றைக்கு 680 கிலோமீட்டருக்கு மேல் அளந்திருக்கிறார்கள், உலகத்திலேயே நீளமான குகை அதுதான். அந்தக் காலத்தில் எடுத்த அளவுகளைக் கணவனும் மனைவியும் கணினியில் ஏற்றி வரைபடம் ஆக்கினார்கள். பிறகு பிரிந்துவிட்டார்கள். கிரவுதர் குகைக்குப் போவதும் குறைந்தது. பார்க்க வரும் இரண்டு பெண் பிள்ளைகளுக்காக, கணினி தெரியாதவர்களும் ஆடட்டும் என்று, 1970களின் நடுவில் இதை எழுதினார். அதில் இருக்கிற குகை பெரும்பாலும் நிஜக் குகை. கிராதி நிஜம். ஒரு பாறையில் 'ஒய்2' என்று எழுதியிருக்கும். நான் அதையும் மந்திரம் என்று நினைத்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அது சர்வே எடுப்பவர்கள் போட்டுவைக்கிற குறி. எங்கள் ஊரில் நிலம் அளக்க வருபவர்கள் கல்லில் சுண்ணாம்பால் போட்டுப் போவதுபோல.

ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த டான் வுட்ஸ் 1976இல் இதைத் தற்செயலாகப் பார்க்கிறார். எழுதியவர் பெயர் தெரிகிறது, முகவரி தெரியவில்லை. அந்த வலையில் இருந்த ஒவ்வொரு கணினிக்கும் கிரவுதர் என்ற பெயரைப் போட்டு ஒரு கடிதம் அனுப்புகிறார். வலை முழுக்கவே அப்போது அவ்வளவுதான். பதில் வந்தது, நிரலும் வந்தது. 1977இல் அதை வளர்த்து, பாலத்துக் காவல் பூதம், கரடி, டிராகன் எல்லாம் சேர்த்து, 350 மதிப்பெண் விளையாட்டாக ஆக்கினார். கிரவுதர் எழுதிய மூலம் தொலைந்தது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். 2007இல், வுட்ஸின் பழைய மாணவக் கணக்கின் பேக்அப்பிலிருந்து அது கிடைத்ததாக டென்னிஸ் ஜெர்ஸ் என்ற பேராசிரியர் எழுதினார். அந்தக் கட்டுரையில் நிஜக் குகையின் போட்டோக்களும் உண்டு. நான் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன். கழுகுமலை வாசம் போய்விடக் கூடாது.

நிரலைப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. விளக்கு பேட்டரியில் எரிவது. சாதாரணமாக 330 நடைதான் தாங்கும். ஆனால் ஆரம்பத்தில் விளக்கம் வேண்டுமா என்ற கேள்விக்கு ஆமாம் என்று சொன்னவனுக்கு 1000 நடை. கற்றுக்குட்டி, பாவம், கொஞ்ச நேரம் கூட எரியட்டும் என்று வைத்திருக்கிறார்கள். அதற்கு விலை ஐந்து மதிப்பெண். மெட்ராஸிலிருந்து வந்து எங்கள் ஹாஸ்டலில் தங்கியிருந்த கான்வென்ட் பையன் ஒருவன், அவனும் அதே ஃப்ளாப்பியைக் காப்பி எடுத்து ஆடினான். விளக்கம் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பான். அவன் விளக்கு பாதிக் குகையில் அணைந்துகொண்டே இருந்தது. "உன்னோடது மட்டும் எப்படிடா எரியுது?" என்பான். எனக்குத் தெரியாது. குத்துவிளக்குக்கு எண்ணெய் ஜாஸ்தி பிடிக்கும் என்றேன்.

எல்லா அறையும் ஒரே மாதிரி இருக்கிற ஒரு சிக்கல் வழி உண்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதே வர்ணனை. அறைக்கு ஒரு பொருளைப் போட்டு அடையாளம் வைத்துக்கொண்டு வரைபடம் போட வேண்டும். இன்ஜினியரிங் டிராயிங் வகுப்புக்கு வாங்கிய கிராஃப் தாள் அதற்குத்தான் பயன்பட்டது. அந்தப் பாடத்தில் எனக்கு அரியர் விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று வீட்டில் சொன்னேன்.

மார்ச் மாதம், மாடல் எக்ஸாமுக்கு முந்தின ஞாயிறு. மெட்ராஸ் பையன் இரண்டு வாரமாக டிராகனிடம் மாட்டிக்கொண்டு நின்றான். பாரசீகக் கம்பளம் ஒன்றின் மேல் டிராகன் படுத்திருக்கும். கம்பளம் புதையல், எடுத்தே ஆக வேண்டும். கோடாலியை எறிந்தால் அதன் கெட்டிச் செதில்களில் பட்டு விழுகிறது. குருவியை விட்டால் குருவி சாம்பல். அன்றைக்கு நான் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று கேள்விப்பட்டு ஏழெட்டுப் பேர் என் பின்னால் நின்றார்கள். அண்ணாச்சியும் வந்துவிட்டார்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டு வார்த்தை அடித்தேன். கில் டிராகன்.

எதை வைத்து, வெறுங்கையாலா? என்று வந்தது.

ஆங்கிலத்தில் கேள்வி. ஆள் முன்னால் நின்று கேட்டால் வாய் என்ன சொல்லுமோ அதையே விரல் அடித்தது. எஸ்.

வாழ்த்துகள், டிராகனை வெறுங்கையால் கொன்றுவிட்டாய் என்று வந்தது. தன்னாலேயே நம்ப முடியவில்லை என்பதுபோல் ஒரு வாலும் சேர்த்திருந்தது.

அண்ணாச்சி கைதட்டினார். மெட்ராஸ் பையன் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "டேய், எப்டிடா? நானும் கில் டிராகன் போட்டேன்டா. அது நக்கல் பண்ணுச்சுடா."

"நக்கலா? கேள்வில்லா கேட்டுச்சு?"

"அது கேள்வி இல்லடா லூசு! உன்னால முடியுமான்னு கலாய்க்குது. நான் நோ போட்டுட்டு கோடாலி தேடப் போயிட்டேன்."

"கேள்விக்குறி இருக்கே" என்று திரையைக் காட்டினேன். நிஜமாகவே இருந்தது.

அவன் ஆங்கிலம் என்னைவிட எவ்வளவோ நல்ல ஆங்கிலம். அதில் கிண்டல் எங்கே ஒளிந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அதுதான் அவனை நிறுத்தியது. இந்த இடத்தை எழுதிய வுட்ஸ் இதைத் தெரிந்தே வைத்திருப்பார் என்றுதான் நான் இன்றுவரை நினைக்கிறேன். வைவாவில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் மூன்று பேர் அன்று பின்னால் நின்றார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் என் மனசு ஆறாது.

அப்புறம் வேறு விளையாட்டுகள் வந்தன. எம்.ஐ.டி.யில் நான்கு பேர் எழுதிய 'ஸார்க்'கைச் சென்னையில் ஆடினேன். இதைவிடக் கெட்டிக்காரத்தனமானது, முழு வாக்கியத்தைப் புரிந்துகொள்ளும். பெட்டிக்குள் இருக்கும் எல்லாவற்றையும் எடு, வாளைத் தவிர, என்றால் எடுக்கும். எல்லாரும் புகழ்ந்தார்கள். எனக்கு ஒட்டவில்லை. வாக்கியம் கேட்கிற மெஷின்கள் முன்னால் கையைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

'அட்வென்ட்'டை நான் முடித்தது 2009இல், லேப்டாப்பில், ஒரு மழை நாளில். தெரிந்த வழிதான், நடை நடையாக நோட்டில் இருந்தது. ஆரம்பக் கேள்விக்கு விரல் பழக்கத்தில் எஸ் அடித்துவிட்டதால் 345க்கு மேல் போக முடியாது என்று முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கலாம். மனசு வரவில்லை. தாத்தா போய் அப்போது ஆறு வருஷம். குருவி அறைக்கு வந்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த விளையாட்டில் அதற்கு அவசரமே கிடையாது. நாம் அடிக்கும்வரை குருவி பாடிக்கொண்டே இருக்கும்.

வெல்டர் சொன்னபடி ஒரு வாரத்தில் கிராதி மாட்டிக் கொடுத்தார். பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்றை நான் வைத்தேன், ஒன்றை என் மனைவி வைத்தாள். போன மாதம் மோட்டார் தண்ணீர் எடுக்காமல் சும்மா உறுமியது. கிணற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு சாவியையும் காணோம். அலமாரி, ஆணி, அரிசி டின் மேல், ஃப்ரிட்ஜ் மேல், எங்கேயும் இல்லை. நான் பின்கட்டில் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன்.

மனைவி வாசல்படியில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள். "எதை வச்சுத் திறக்கப் போறீங்க, வெறுங்கையாலயா?"

"ஆமா" என்றேன்.

திறக்கவில்லை. பக்கத்து வீட்டில் ஹேக்ஸா பிளேடு வாங்கி வந்து அறுத்ததில் முக்கால் மணி நேரம் போனது. டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் நல்லாத்தான் கிடந்தது, எட்டடியில்.